ஊர் பேர் தெரியாத எலும்பு நம் பள்ளிக்கு எதற்கு?



பழைய மாணவர்கள் குழுவில் இரண்டு வாரமாக ஓடும் பேச்சுக்கு அங்கேயே துண்டு துண்டாகப் பதில் போட்டுப் பார்த்தேன். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அது காணாமல் போகிறது. அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள், பத்து நிமிடம் பொறுக்கமாட்டீர்களா?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் இணையத்தில் ஒரு 'மாமூத் கடைவாய்ப்பல்' வாங்கியிருக்கிறார். மாமூத் என்பது பனியுகத்தில் வாழ்ந்து அழிந்துபோன, யானைக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு. அந்தப் பல்லைத் தன் தந்தையின் நினைவாக உத்திரமேரூர்ப் பக்கத்து நம் பள்ளியின் அறிவியல் கூடத்துக்குக் கொடுக்க விரும்புகிறார். படத்தைப் பார்த்து உற்சாகமான சிலர், வடக்கே ஒரு வியாபாரியிடம் 'சிவாலிக் மலை யானைப் பல்', 'காண்டாமிருகத் தாடை' எல்லாம் வாங்கி ஒரு கண்ணாடி அலமாரியையே நிரப்பிவிடலாம் என்று வசூலை ஆரம்பித்துவிட்டார்கள். பட்டியலில் என் பெயரை முதல் ஆளாகப் போட்டிருப்பவன் என் அக்கா மகன்.

என் பதில்: ஒரு ரூபாயும் தரமாட்டேன். அந்த அலமாரி வரக்கூடாது என்று தலைமை ஆசிரியரிடமும் சொல்வேன்.

'சார் மாறிட்டாரு', 'மாமா எதுக்கெடுத்தாலும் வேண்டாம்பாரு' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். சரி. காரணங்களைச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

முதலில் 'சான்றிதழ் இருக்கு சார்' என்ற வாதம். அந்தக் காகிதத்தின் படத்தை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். தங்க நிற முத்திரை, யாரோ ஒருவர் கையெழுத்து, 'உண்மையானது என உறுதியளிக்கிறோம்' என்று ஒரு வரி. கிடைத்த இடம்: சைபீரியா. அவ்வளவுதான். சைபீரியா என்பது ஓர் ஊரா? அது இந்தியாவைப் போல நான்கு மடங்கு பரப்பு. 'இந்தப் பானை ஆசியாவில் கிடைத்தது' என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விற்பவரே எழுதிக்கொடுக்கும் நற்சான்று அது. மாட்டுச் சந்தையில் தரகர் சொல்லும் பாலின் அளவை நம்பி நம் ஊரில் யாராவது மாடு பிடிப்பார்களா?

சான்றிதழின் மதிப்புக்கு ஓர் உதாரணம். அமெரிக்க நடிகர் நிக்கோலஸ் கேஜ் 2007இல் ஒரு டைனோசர் மண்டையோட்டை 2,76,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். அவருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். பொருளும் அசல்தான். ஆனால் அது மங்கோலியாவிலிருந்து திருட்டுத்தனமாகக் கடத்தப்பட்டது என்று பிறகு தெரிந்தது. 2015இல் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். சான்றிதழ் 'அசல்' என்று சொல்லும். 'திருடப்படவில்லை' என்று சொல்லாது. மங்கோலியா, சீனா, பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகளில் புதைபடிவங்கள் தேசத்தின் சொத்து. அங்கிருந்து முறையான அனுமதியில்லாமல் வந்தது நம் பள்ளி அலமாரியில் இருந்தால், அது திருட்டுச் சொத்துதான்.

இரண்டாவது, அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது? இதைக் குழுவில் பலர் கேட்டீர்கள். ஏற்கெனவே வாங்கி வீட்டு ஷோகேசில் வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். வீட்டிலேயே செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவர் கண்ணில் மாட்டுவாரே, அதுபோல ஒன்று. எலும்பு உடைந்த இடத்தில் பாருங்கள். அசல் எலும்பில் வெளியே கெட்டியான ஓடும், உள்ளே இடியாப்பம் போன்ற வலைப்பின்னலும் இருக்கும். ரத்தக் குழாய் ஓடிய நுண்ணிய துளைகள் தெரியும். ரெசின் ஊற்றிச் செய்ததில் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள் தெரியும். அச்சின் இரு பாதி சேர்ந்த கோடும் தெரியலாம்.

2. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டறையில் அடியுங்கள். ஒட்டிய பசையும் பூசிய ரெசினும் பெரும்பாலும் மற்ற பகுதியிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். ஒரு தாடையில் பல் ஒரு நிறமாகவும் அதன் அடிப்பகுதி வேறு நிறமாகவும் மின்னினால், அந்தப் பல் அங்கே முளைக்கவில்லை, நடப்பட்டது.

3. நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து, மறைவான ஒரு மூலையில் லேசாகத் தேயுங்கள். 'லட்சம் வருடப் பழுப்பு' பஞ்சில் வந்துவிட்டால் அது பெயின்ட்.

4. கையில் தூக்கிப் பாருங்கள். மண்ணிலுள்ள தாதுக்கள் எலும்பின் துளைகளை நிரப்பி அதைக் கல்லாக்கும்போது கனம் கூடும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். உறைபனியில் கிடந்த மாமூத் எலும்பு முழுக்கக் கல்லாகியிருக்காது, புது எலும்பு போலவே இருக்கும். எதிர்ப்பக்கம், ரெசினில் கல்தூள் கலந்து கனமாக்கவும் முடியும்.

5. சான்றிதழில் 'கார்பன் முறையில் இருபது லட்சம் ஆண்டு என உறுதி செய்யப்பட்டது' என்று இருந்தால் அங்கேயே கிழித்துப் போடுங்கள். கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டு வரைதான் போகும். அதற்கு மேல் அளக்கக் கார்பன்-14 மிஞ்சாது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தாலே பாதி வியாபாரிகளை வாசலோடு அனுப்பிவிடலாம்.

மூன்றாவது, மிக முக்கியமானது. அந்தப் பல் மாமூத்தா, யானையா?

யானையின் கடைவாய்ப்பல் நம் பல் போல இருக்காது. நிற்க வைத்த ரொட்டித் துண்டுகள் போல, எனாமல் தகடுகள் வரிசையாக அடுக்கி, நடுவே சிமென்ட் போன்ற பொருளால் பிணைத்த பெரிய கட்டி அது. ஆப்பிரிக்க யானைக்கு மேற்பரப்பில் அந்த எனாமல் வைர வடிவமாகத் தெரியும். அதைப் பிரித்துச் சொல்வது சுலபம். சிக்கல் நம் ஆசிய யானையிடம்தான். மாமூத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்க யானை அல்ல, ஆசிய யானை. இரண்டுக்கும் குறுகலான, நெருக்கமான தகடுகள். ரோம மாமூத்துக்குப் பொதுவாக இன்னும் மெல்லியது, இன்னும் நெருக்கமானது. ஆனால் யானைக்கு வாழ்நாளில் ஆறு தடவை கடைவாய்ப்பல் முளைக்கும். எத்தனையாவது பல், எவ்வளவு தேய்ந்தது என்பதைப் பொறுத்துத் தகடுகளின் எண்ணிக்கையும் நெருக்கமும் மாறும். கைபேசிப் படம் பார்த்து 'சூப்பர் மாமூத் சார்' என்று சொல்வது ஜோசியம்.

தந்தமாக இருந்தால் ஓர் அடையாளம் உண்டு. குறுக்குவெட்டில் வலை போலக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். வெளி ஓரத்தில் அந்தக் கோணம் 90 பாகைக்குக் குறைவென்றால் மாமூத், 115 பாகைக்கு மேல் என்றால் யானை. நடுவில் இருந்தால் ஆய்வகம்தான் சொல்லவேண்டும். பல்லுக்கு இந்த வசதியும் கிடையாது.

இது வெறும் அறிவியல் சந்தேகம் இல்லை, பிள்ளைகளே. யானை நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. தந்தம் மட்டுமில்லை, பல்லும் எலும்பும் அதில் அடக்கம். குற்றம் நிரூபணமானால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. 'மாமூத்' என்று பெயர் ஒட்டி யானைப் பொருளை விற்பது உலகம் முழுக்க நடக்கும் தந்திரம், ஏனென்றால் அழிந்துபோன விலங்குக்கு அந்தத் தடை இல்லை. நாளைக்கு வனத்துறை வந்து கேட்டால் பதில் சொல்லவேண்டியது வெளிநாட்டில் இருப்பவரா, தலைமை ஆசிரியரா? ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் அந்த அம்மாவின் நிலையை ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

சரி, எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது, அசல் மாமூத்தேதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் சண்டையே இங்கேதான்.

வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால் எழுதியது. 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும், கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக்கூடாது என்றெல்லாம் சொல்கிறது. அந்தச் சுவரிலிருந்து ஒரு கல்லை மட்டும் பெயர்த்து எவனோ சந்தையில் விற்கிறான், அதில் நாலு எழுத்து இருக்கிறது என்று வையுங்கள். எழுத்து அசல்தான். சோழர் காலம்தான். ஆனால் எந்த ஊர், எந்தச் சபை, முன்வரி என்ன, பின்வரி என்ன? ஒன்றும் தெரியாது. இங்கே சுவரில் ஒரு பொத்தல், அங்கே ஒருவன் வீட்டில் ஓர் அலங்காரக் கல். இரண்டு இடத்திலும் வரலாறு இல்லை.

புதைபடிவமும் அதேதான். பூமி ஒரு சுவர். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், பக்கத்தில் எதோடு கிடந்தது என்பதுதான் எழுத்து. எலும்பு வெறும் கல். அடுக்கைத் தொலைத்துவிட்டு எலும்பை மட்டும் கொண்டுவருகிறவன், புத்தகத்தை எரித்துவிட்டு அட்டையைக் கொண்டுவருகிறான்.

'ஆசிரியர் மிகைப்படுத்துகிறார்' என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் வி.ஜே. குப்தா என்ற புவியியல் பேராசிரியர் இமயமலைப் புதைபடிவங்கள் பற்றி இருபது ஆண்டுக்கும் மேலாகக் கட்டுரை கட்டுரையாக எழுதினார். 1989இல் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலன்ட் 'நேச்சர்' இதழில் அதைப் போட்டு உடைத்தார். இமயமலையில் கிடைத்ததாகச் சொன்ன அம்மோனைட்டுகள், மொராக்கோவிலிருந்து வந்து கடைகளில் விற்கும் சரக்கை அப்படியே ஒத்திருந்தன. கவனியுங்கள், அந்தக் கற்கள் போலி இல்லை. லென்ஸ் வைத்தாலும் ஊதா விளக்கு அடித்தாலும் பாஸ் ஆகியிருக்கும். கல் நிஜம், ஊர் பொய். அந்த ஒரு பொய்யால் இமயமலையின் வயதையும் வரலாற்றையும் படித்த எத்தனையோ பேரின் உழைப்பு கெட்டது.

பாலூட்டி விலங்குகளின் கதையும் வேறில்லை. 1912இல் இங்கிலாந்தில் 'பில்ட்டவுன் மனிதன்' என்று ஒன்றைக் காட்டினார்கள். மனித மண்டையோடும் ஒராங்குட்டான் தாடையும் சேர்த்து, பல்லை அரத்தால் ராவி, சாயம் ஏற்றி வைத்தது. 1953இல்தான் முழுசாக வெளிப்பட்டது. மண்ணில் கிடக்கும் எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரினை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஒரே குழியில் கிடந்தவை ஏறத்தாழ ஒரே அளவு உறிஞ்சியிருக்கவேண்டும், இவை அப்படி இல்லை. அதைவிட எனக்கு முக்கியம், அதே குழியில் போட்டு வைத்திருந்த ஒரு யானைப் பல். அது அசல் புதைபடிவம்தான். ஆனால் துனீசியா பக்கத்திலிருந்து கொண்டுவந்து போட்டதாகத் தெரிகிறது. மறுபடியும் அதே கதை, பல் நிஜம், ஊர் பொய்.

பழைய கதை, இப்போது அறிவியல் முன்னேறிவிட்டது என்பீர்கள். சீனாவின் கான்சு பகுதியைச் சேர்ந்தது என்று ஒரு சிவிங்கிப்புலி மண்டையோட்டை வைத்து, 'உலகின் மிகப் பழமையான சிவிங்கிப்புலி இனம்' என்று புதிதாகப் பெயரே சூட்டி, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் 2009இல் கட்டுரை வந்தது. பழைய எலும்பின் மேல் பிளாஸ்டர் வைத்துச் செய்த ஒட்டுவேலை என்று தெரிந்து 2012இல் திரும்பப் பெற்றார்கள். உலகத் தரத்து அறிஞர்கள் கையில் வைத்துப் பார்த்தே ஏமாந்திருக்கிறார்கள். நாம் வாட்ஸாப் படத்தைப் பார்த்துவிட்டு வசூல் பண்ணுகிறோம்!

எதிர்வாதத்தில் ஒன்று மட்டும் நியாயமானது. நம் மருத்துவ மாணவி கேட்டாள்: 'கடையில் வாங்கிய எலும்பிலிருந்து நல்ல கண்டுபிடிப்பே வந்ததில்லையா சார்?' வந்திருக்கிறது அம்மா. சீன மருந்துக் கடைகளில் பழைய எலும்பையும் பல்லையும் 'டிராகன் எலும்பு' என்று சொல்லி இடித்து மருந்தாக விற்பார்கள். 1935இல் ஹாங்காங் மருந்துக் கடையொன்றில் வான் கோனிக்ஸ்வால்ட் என்ற அறிஞர் ஒரு பிரம்மாண்டமான பல்லைக் கண்டார். ஜிகான்டோபிதிகஸ் என்ற ராட்சதக் குரங்கு அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பல் சொன்னது ஒன்றே ஒன்று: 'இப்படி ஒரு குரங்கு இருந்தது.' எங்கே, எப்போது, எந்த விலங்குகளோடு வாழ்ந்தது என்று கடைப் பல்லால் சொல்ல முடியவில்லை. 1950களில் சீன அறிஞர்கள் குவாங்சி குகைகளுக்குள் போய்த் தோண்டிய பிறகுதான் அதற்கெல்லாம் பதில் கிடைத்தது. தவிர, அவர் அந்தப் பல்லை வாங்கியது அலமாரிக்கு அல்ல, 'இது எங்கிருந்து வந்தது' என்ற கேள்விக்கு. நம் குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் எத்தனை பேர்?

கடைசி வாதம்: 'நம்ம ஊர்ல என்ன சார் இருக்கு, பிள்ளைங்க எதைப் பார்க்கும்?' இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைத்தது.

நம் பக்கத்துக் கல்குவாரியில் உடைப்பது சார்னோகைட் என்ற கருங்கல். பூமிக்குள் மிக ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதில் எந்த விலங்கின் எலும்பும் இருக்க முடியாது, விலங்கு என்று ஒன்று தோன்றுவதற்கு வெகு முன்னால் வந்த கல். ஆகவே 'குவாரியில கெடச்ச டைனோசர் எலும்பு' என்று யார் கொண்டுவந்தாலும் விலை பேசாமல் அனுப்பலாம். இதுவே ஒரு முழுப் பாடம் இல்லையா?

1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியை எடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அங்கே தொடங்கியது. அவர் எடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் இடம் எழுதிவைத்தார். அவர் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இட வாரியான பட்டியல் 1914இல் அச்சாகியும் வந்தது. அவரே 1884இல் கர்நூல் பக்கம் பில்லசுர்கம் குகைகளில் தோண்டினார். அங்கே கிடைத்த எலும்புகளை லிடெக்கர் ஆராய்ந்து, ஒரு காண்டாமிருகத்துக்குக் கர்நூலின் பெயரையே வைத்தார். ஊர்ப் பெயரையே தன் பெயராகச் சுமக்கும் விலங்கு! இடம் தெரிந்த எலும்புக்குத்தான் அந்த மரியாதை.

நம் பக்கத்து மாவட்டம் திருவள்ளூரில், கொசத்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம். அதுவும் ஃபூட் காலத்தில் தெரியவந்த இடம். சாந்தி பப்பு குழுவினர் அங்கே அடுக்கடுக்காகத் தோண்டி, கற்கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டார்கள். விலங்குகளின் பற்கள் சிலவும் அங்கே கிடைத்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய பற்கள்தான், பளபளப்பும் இல்லை. ஆனால் எந்த அடுக்கு என்று தெரியும். சைபீரியாவிலிருந்து வந்த அந்த அழகான பல்லைவிட இது ஆயிரம் மடங்கு பேசும்.

2020இல் பெரம்பலூர் குன்னம் பக்கம் ஏரி மண்ணில் உருண்டைகள் கிடைத்ததும் 'டைனோசர் முட்டை' என்று நீங்களெல்லாம் எனக்கு அனுப்பினீர்கள். புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, கடல்வாழ் அம்மோனைட்டைச் சுற்றித் திரண்ட உருண்டைகள் என்றார்கள். உடனே எல்லோருக்கும் ஏமாற்றம். ஏன்? பெரம்பலூரில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பது முட்டையைவிடச் சின்னச் செய்தியா?

எனவே நான் கேட்பது இதுதான்.

வசூல் செய்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம். அதில் இரண்டு பேருந்து பிடியுங்கள். ஒன்று எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் பூண்டி தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கும். இன்னொன்று திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு. அங்கே சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகி, கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. பிள்ளைகள் தொட்டுப் பார்த்து வரட்டும், ஒரு சில்லைக்கூடப் பொறுக்கி வராமல்.

அலமாரியும் வேண்டும் என்றால் வையுங்கள். மாமூத் பல்லின் அச்சு வார்ப்பு வாங்கி, 'இது வார்ப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். பாடத்துக்கு அது போதும். பொய் சொல்லாத பிளாஸ்டிக், ஊர் சொல்லாத எலும்பைவிட மேல்.

கிணறு வெட்டும்போதோ ஏரி தூர்வாரும்போதோ எலும்போ விசித்திரக் கல்லோ கிடைத்தால், எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள். இடத்தையும் ஆழத்தையும் குறியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, தொல்லியல் துறைக்கோ புவியியல் ஆய்வுத் துறைக்கோ தெரிவிக்கச் சொல்லுங்கள்.

பல் வாங்கிய அந்தத் தம்பிக்குத் தனியாக: உன் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். அளவு குறையாமல் நெல் அளந்த மனிதர். அவர் பெயரைச் சந்தேகத்துக்குரிய ஒரு பொருளின் மேல் ஒட்டாதே. விற்றவரிடம் மூன்று கேள்வி எழுதிக் கேள்: எந்த ஊர், எந்த ஆற்றங்கரை, யார் எந்த அனுமதியோடு எடுத்தார்கள்? பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேள். அந்தப் பல்லை மட்டும் இந்தியாவுக்குக் கொண்டுவராதே. அந்த முதல் பேருந்தை உன் அப்பா பெயரில் விடுவோம். நான் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறேன்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போடாதீர்கள், நான் இன்னும் விடைத்தாள் திருத்தும் கண்ணோடுதான் படிக்கிறேன்.